வேறொரு புத்தகத்தின் அழுகை

ஜெசிந்தா வருகிறாள் என்று தெரிந்ததும் பிரபாவதி முதலில் செய்த காரியம், அலமாரியில் இருந்த 'பனிக்கட்டி வீதி' நாவலை எடுத்து அதன் முதுகை நாலைந்து முறை மடித்து, படித்துப் பழகிய புத்தகம்போல ஆக்கியதுதான். எட்டு மாதமாக அது கடையிலிருந்து வந்த மேனிக்கே இருந்தது. இரண்டு இடங்களில் பக்கத்தின் மூலையையும் மடித்துவிட்டாள். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

"என்ன பண்ற?" என்று கேட்டார் கணவர் தனசேகர். மின்வாரியத்தில் ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. அன்று விடுப்பு எடுத்திருந்தார்.

"தூசி தட்டறேன்."

"தூசி வெளியிலதானே இருக்கும். முதுக ஏன் ஒடிக்கற?"

அவள் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

பிரபாவதி குடும்பக் கதைகள் எழுதுகிறவள். எந்தப் பதிப்பகத்தையும் சாராமல் தானே எழுதி, தானே அச்சிட்டு, தானே விற்றாள். வெள்ளிக்கிழமைதோறும் பதினோராயிரம் வாசகர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புவாள். எழுதும் நாவல் எத்தனையாவது அத்தியாயத்தில் நிற்கிறது, மகள் பெங்களூரிலிருந்து வந்தாளா, மாடித் தொட்டியில் பாகல் காய்த்ததா என்றெல்லாம் அதில் இருக்கும். கடைசியில் 'பக்கத்து மேசை' என்று ஒரு பகுதி. அவளைப்போலத் தனியாக எழுதுகிற, வரைகிற இரண்டு மூன்று பேரின் படைப்புகளைப் பற்றி அங்கே சொல்வாள். கடிதத்தை அந்தப் பகுதியிலிருந்து தொடங்குகிற வாசகர்களும் இருந்தார்கள்.

காரணம், அவள் மணிக்கட்டில் இருந்த பட்டை.

அந்த வருடங்களில் பாராட்டுக்கு மதிப்பே இல்லாமல் போயிருந்தது. எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் ஒரு நிமிடத்தில் ஆயிரம் பாராட்டுரைகளை இயந்திரம் எழுதிவிடும். ஒவ்வொன்றும் மனிதர் எழுதியதைவிட நன்றாக இருக்கும். சொற்களை யாரும் நம்பாமல் போனபோதுதான் மெய்ப்பாட்டுப் பட்டை வந்தது. கையில் கட்டிக்கொண்டு படித்தால் நாடித் துடிப்பு, மூச்சு, உள்ளங்கை வியர்வை எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் பதியும். பழைய இலக்கணம் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளுக்கும் எட்டு நிறம் வைத்திருந்தார்கள். நகைக்கு மஞ்சள், அழுகைக்கு நீலம். வெட்கமும் அருவருப்பும் சேர்ந்த இளிவரலுக்குச் சாம்பல். அந்தப் பதிவைக் கடிதத்தோடு இணைத்து அனுப்பினால், பெறுகிறவர் தன் பட்டையில் விரலை வைத்துப் பார்க்கலாம். படித்தவருடைய நெஞ்சில் நடந்தது அவர் நெஞ்சிலும் அரை நிமிடம் மெலிதாக நடக்கும். வாய் பொய் சொல்லலாம், நாடி சொல்லாது என்றார்கள். பிரபாவதியின் பதிவுகளுக்கு நல்ல பெயர் இருந்தது. எளிதில் அழுகிறவள். கஞ்சத்தனம் இல்லாமல் சிரிக்கிறவள்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. கரூரில் நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழா. கார் வாசலில் நின்றது. ஜெசிந்தாவின் முதல் நாவலைப் பற்றி இந்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்து மூன்று வாரமாகிவிட்டது. நாலு பக்கம் படித்திருந்தாள். பின்னட்டையைப் பார்த்து எட்டு வரி எழுதினாள். பதிவுக்கு என்ன செய்வது?

பட்டையில் பெயரிடாத பதிவு ஒன்று கிடந்தது. தன்னுடைய நாவலான 'தாழம்பூ நிறத்தில் ஒரு கடிதம்' வெளிவந்த வாரம், ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அதைத் தானே படித்தபோது பட்டை பதிந்தது. சொந்தப் புத்தகத்துக்கு யாரும் பதிவு அனுப்பக்கூடாது என்பது விதி. அதனால் அது பெயரில்லாமலே இருந்தது. எந்தப் புத்தகம் என்று பட்டை கடைசியில்தான் கேட்கும். 'பனிக்கட்டி வீதி' என்று சொன்னாள். எத்தனை பக்கம் என்று கேட்டது. இருநூற்று நாலு என்றாள். பட்டை அதற்கேற்பப் பதிவை இழுத்துச் சரிசெய்துகொண்டது. வாசலில் தனசேகர் ஹாரன் அடித்தார்.

ஊர் திரும்புவதற்குள் புத்தகம் விற்றுத் தீர்ந்து இரண்டாம் அச்சுக்குப் போயிருந்தது.

ஜெசிந்தா வியாழக்கிழமை காலை ரயிலில் வந்தாள். முப்பத்தொரு வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் லாரி எடைமேடையில் குமாஸ்தா. கையில் மக்ரூன் பெட்டி, தோளில் சுருட்டிய காகிதக் குழல் ஒன்று. உள்ளே வந்ததும் பிரபாவதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, போட்டோவுல பாத்ததவிட மெலிஞ்சிருக்கிய."

"நீ ஒருத்திதான் அப்படிச் சொல்ற. உக்காரு."

"உக்காரதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டணும். கூடத்த கொஞ்சம் காலி பண்ணுவியளா?"

நாற்காலிகளை நகர்த்தினார்கள். ஜெசிந்தா காகிதக் குழலைப் பிரித்துத் தரையில் உருட்டினாள். அது வாசற்படியிலிருந்து சமையலறைக் கதவுவரை ஓடியது. அடியில் பக்க எண்கள், மேலே நிறங்கள். பிரபாவதியின் பதிவை அச்செடுத்து ஒட்டி, ஒவ்வொரு பக்கத்துக்கும் பென்சிலில் குறிப்பு எழுதியிருந்தாள்.

தனசேகர் காபித் தட்டோடு வந்து நின்றார். "தாண்டலாமா, சுத்தித்தான் வரணுமா?"

"சுத்தி வாங்கண்ணே. எங்க அக்கா நெஞ்சுல்லா கெடக்கு."

"முப்பது வருஷமா நானே இவ்வளவு நீளமாப் பார்த்ததில்லம்மா."

ஜெசிந்தா சிரித்துக்கொண்டே மண்டியிட்டு உட்கார்ந்தாள். "எட பாக்கது என் தொழில்தான. அதான் இதையும் எட போட்டுப் பாத்தேன். இங்க வாங்கக்கா. நூத்து முப்பத்தொண்ணு. எவ்ளோ நீலம் பாருங்க. தேம்பித் தேம்பி அழுதிருக்கிய. அப்பிடி என்னத்த எழுதிட்டோம்னு ஓடிப்போயி பாத்தேன். செல்வி இட்லித் துணிய ஒதறிக் காயப்போடுதா. அம்புட்டுதான்."

 பிரபாவதியின் நாவலில் அந்த இடத்தில், கதாநாயகி அம்மா வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறுகிறாள்.

"மூணு நாளு யோசிச்சேன். நாம பெருசா நெனைக்க எடத்துல கண்ணீரு இல்ல, இந்த மாதிரி சின்னக் காரியத்துலதான் இருக்குன்னு அப்பறந்தான் வெளங்கிச்சு. எந்தக் காலேஜில இதச் சொல்லிக் குடுப்பாவ?"

"அது வந்து..."

"இருங்க. முக்கியமானது இதுதான்." அவள் முழங்காலாலேயே நகர்ந்தாள். "நாப்பதுல இருந்து தொண்ணூறு வர. வெள்ள வெளேர்னு கெடக்கு பாருங்க. அப்பா வார பக்கம் பூராவும். ஒரு நூலுகூட அசையல."

அந்தப் பக்கங்களில் தன் நாவலில் சொத்து வழக்கு நடக்கும். எழுதும்போதே அலுத்துப்போன பகுதி அது. படிக்கும்போது தாளைத் தள்ளிக்கொண்டே போனாள்.

"தப்பா நெனச்சுச் சொல்லலக்கா. நல்லவேளை, உங்க நாடி சொல்லிச்சு. வேற யாரும் மூஞ்சிக்கு நேரா சொல்லமாட்டாவ. எங்கப்பா ஐஸ் கம்பெனில வேல பாத்தவரு. எனக்கு உசுரு. படிக்கவங்களுக்கு அவரு யாரோ தான? புது நாவல்லயும் அவரு வந்தாரு, எடுத்துட்டேன்."

"எடுத்துட்டேன்னா?"

"நூத்திப் பத்துப் பக்கம். வச்சிருந்தா மனசு திரும்பச் சேக்கச் சொல்லும்னு அழிச்சே போட்டேன். அம்மா ரெண்டு நாளு பேசல. செத்தவர மறுபடி தூக்கிட்டியாடின்னு கேட்டுது." ஜெசிந்தா பட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். "திங்கக்கெழம அச்சுக்குப் போவுது. சரியாத்தானக்கா செஞ்சிருக்கேன்?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. அது பிரபாவதிக்குத் தெரிந்தது. சொல்லவேண்டிய வாக்கியம்கூட வாய்க்கு வந்துவிட்டது.

"உனக்குத் தெரியாததா," என்றாள். "காபி ஆறுது பாரு."

மாலை ரயிலுக்கு ஜெசிந்தா கிளம்பினாள். காகிதச் சுருளை விட்டுவிட்டுப் போனாள். "உங்களுதுதான, உங்ககிட்டயே இருக்கட்டும்."

தனசேகர் சுருளை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினார். "பிரபா, இட்லித் துணிக்கா அழுத?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். முழுவதையும் அப்படியே சொல்லி முடித்தாள். கரூர் போன காலை, பெயரில்லாத பதிவு, ஹாரன் சத்தம்.

அவர் சுருளை முழுவதும் சுற்றி மூலையில் வைத்தார். பிறகு, "உன் புத்தகத்தைப் படிச்சு நீயே அழுதியா?" என்றார்.

"அதைத்தான் கேக்கணும்னு தோணுதா உங்களுக்கு?"

"இல்ல. வேற எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

"வெள்ளிக்கிழமைக் கடிதத்துல எழுதிடறேன். எல்லாருக்கும் தெரியட்டும்."

"பதினோராயிரம் பேருக்கு அப்புறம் சொல்லலாம். முதல்ல அந்தப் பொண்ணுக்குச் சொல்லு."

"எப்படிங்க சொல்றது? அக்கா அக்கான்னு காலடியில உக்காந்து காட்டுறா. நான் படிக்கக்கூட இல்லைன்னு எந்த வாயால சொல்றது?"

"உன் கதைல மாப்பிள்ளைங்க எல்லாம் கடைசி அத்தியாயத்துல வந்து ஒத்துக்கறாங்களே. அவங்களுக்கு எந்த வாய் குடுக்கற?" அவர் குரலில் கிண்டல் இருந்தது, கோபமும் கொஞ்சம் இருந்தது. "திங்கக்கிழமைன்னா நடுவில மூணு நாளுதான் இருக்கு."

"போறேன். ஆனா படிக்காம போகமாட்டேன். படிக்காம இன்னொரு தடவை அவ முன்னாடி நிக்க முடியாது."

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்த வெள்ளிக்கிழமை கடிதம் போகவில்லை. பிரபாவதி பட்டையைக் கட்டிக்கொண்டு 'பனிக்கட்டி வீதி'யைப் படித்தாள்.

அந்த அப்பாவின் பெயர் மிக்கேல். விடியுமுன் படகுகளுக்கு ஐஸ் பாளங்களை இழுத்து உடைத்துக் கொடுப்பவர். இருபது வருடத்தில் உள்ளங்கைகள் மரத்துப்போயின. காபி சூடா ஆறியதா என்று மகளிடம் கேட்டுத்தான் குடிப்பார். ஐம்பத்தேழாம் பக்கத்தில் மகளுக்குக் காய்ச்சல். அவர் கையை நீட்டுகிறார், பாதியில் இழுத்துக்கொள்கிறார். குனிந்து தன் கன்னத்தை அவள் நெற்றியில் வைத்துப் பார்க்கிறார். சவரம் செய்யாத கன்னம் குத்துகிறது என்று பிள்ளை தூக்கத்திலேயே முகத்தைத் திருப்புகிறது.

பிரபாவதி புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போய் நின்றாள். இப்படி ஒரு பக்கத்தை முப்பது வருடத்தில் அவள் எழுதியதில்லை. இது நாலு வாரம் அவள் மேசையில் கிடந்தது. காய்கறிச் சீட்டு பறக்காமலிருக்க அதன்மேல் வைத்துக்கூட இருக்கிறாள்.

சனிக்கிழமை படித்து முடித்துப் பதிவைத் திறந்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே சாம்பல். அழுத இடங்களிலும் சாம்பல், சிரித்த இடங்களிலும் சாம்பல். நீலமோ மஞ்சளோ அடியில் எங்கேயாவது இருந்திருக்கும். மேலே இருந்த வெட்கத்தைத் தாண்டிப் பட்டையால் அதைத் தொடமுடியவில்லை.

"இதை வச்சு என்ன காட்டறது அவளுக்கு?" என்றாள்.

"ஒண்ணும் காட்டாத. போய்ச் சொல்லு," என்றார் தனசேகர்.

ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில், சர்ச்சில் பூசை முடிந்து ஜெசிந்தா வீட்டுக்குள் நுழையும்போது பிரபாவதி அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தாவின் அம்மா அவளுக்கு எதிரே ஒரு தட்டில் பொரித்த மீனை வைத்து, சாப்பிடச் சொல்லி மூன்றாவது முறை வற்புறுத்திக்கொண்டிருந்தார்.

"எக்கா? போனுகூட பண்ணல?"

"அம்மா, கொஞ்சம் தனியாப் பேசணும்," என்றாள் பிரபாவதி. அந்த அம்மாள் மகளையும் வந்தவளையும் பார்த்துவிட்டுத் தட்டை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பிரபாவதி சுற்றி வளைக்கவில்லை. "நான் உன் புத்தகத்தைப் படிக்கவே இல்லை ஜெசிந்தா. நான் அனுப்பினது வேற புத்தகத்தோட பதிவு."

ஜெசிந்தா தலையில் போட்டிருந்த முக்காட்டை எடுத்து நான்காக மடித்தாள். "யாரு புத்தகம்?"

"என்னோடது."

"நீங்க எழுதினதுக்கா அழுதிய?"

"ஆமா."

தெருவில் யாரோ குடத்தை இறக்கி வைத்தார்கள். ஜெசிந்தா சிரிக்கப்போகிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த வெள்ளப் பக்கமெல்லாம்?"

"என் கதையில வர்ற கோர்ட்டு கேஸு."

"எங்கப்பா இல்ல."

"உங்கப்பா இல்ல. உங்கப்பாவை நான் முந்தாநாள்தான் பார்த்தேன். அந்தக் காய்ச்சல் ராத்திரில..."

"வேண்டாம்." ஜெசிந்தாவின் குரல் உயரவில்லை. "அதச் சொல்லாதிய. இப்ப நீங்க நல்லாருக்குன்னு சொன்னா அத நான் எங்க கொண்டு வைக்கது? பதிவு வச்சிருக்கியளா?"

பிரபாவதி கையை நீட்டினாள். ஜெசிந்தா தன் பட்டையை அதில் ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அரை நிமிடம் கழித்துக் கையை உதறினாள்.

"இதுல எங்கப்பா எங்க இருக்காரு? நீங்கதான் இருக்கிய. பூராவும் நீங்கதான்."

பிரபாவதி கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"கடிதத்துல எல்லாத்தையும் எழுதிடறேன்," என்றாள் பிரபாவதி. "நான் செஞ்சது எல்லாருக்கும் தெரியணும்."

"எழுதுவிய. எழுதினா உங்களுக்குப் பாரம் எறங்கும். எம் புத்தகத்துக்கு? பொய்யில வித்த புத்தகம்னு பேரு வரும். வாங்கின ரெண்டாயிரம் பேருல நெசமாவே புடிச்சுப் படிச்சவன்கூட, நமக்குப் புடிச்சுதா, இல்ல அந்தம்மா அழுகைதான் புடிச்சுதான்னு யோசிப்பான்." அவள் எழுந்து நின்றாள். "யாருகிட்டயும் சொல்லக்கூடாது. எனக்காக இத ஒண்ணு செய்யிங்க."

"ஜெசிந்தா..."

"அச்சுக்காரருக்கு இப்பவே போனு போட்டு நிறுத்துதேன். அழிச்சத மறுபடி எழுதணும். அதே மாதிரி வராது, வரது வரட்டும். இன்னொண்ணு. அது வரும்போது நீங்க அதப்பத்தி எழுதாதிய. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். பக்கத்து மேசையில எம்பேரு வேண்டாம்."

உள்ளேயிருந்து அவள் அம்மா குரல் கொடுத்தார். "என்னடி, சாப்புடச் சொன்னியா இல்லியா அவங்கள?"

"அவங்களுக்கு ரயிலுக்கு நேரமாச்சும்மா," என்றாள் ஜெசிந்தா.

புது நாவல் ஏழு மாதம் கழித்து வந்தது. பெயர், 'கரைக்கு வந்த வீடு'. பிரபாவதி கடையில் போய் வாங்கினாள். மிக்கேல் நூற்று நாற்பது பக்கம் வருகிறார். அழிக்கப்பட்டதைவிட முப்பது பக்கம் அதிகம். அதில் அவர் மகளோடு சண்டை போடுகிறார், பொய் சொல்கிறார், ஒரு கல்யாணப் பந்தலில் மைக்கைப் பிடித்துப் பாடி மானத்தை வாங்குகிறார். பிரபாவதி கூடத்தில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள். அன்று பட்டையில் பதிந்தது சுத்தமான மஞ்சளும் சுத்தமான நீலமும். அப்படி ஒரு பதிவு அவளுக்கு அமைந்ததே இல்லை. எந்தப் புத்தகம் என்று பட்டை கேட்டது. அவள் பதிலளிக்காமல் அதைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

ஊரெல்லாம் அந்த நாவலைப் பற்றிப் பேசியது. வாசகர்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஜெசிந்தாவின் புதுப் புத்தகத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை அம்மா? ஒரு வாரம் இரண்டு பேர், அடுத்த வாரம் நாற்பது பேர். அவள் பாகல் கொடியைப் பற்றியும் புதிதாக வந்த ஓவியர் ஒருவரைப் பற்றியும் எழுதினாள். கேள்விகள் நிற்கவில்லை. கடைசியில் சேலத்திலிருந்து ஒரு வாசகி, பல வருடமாகக் கடிதம் படிக்கிறவள், நேரடியாகவே கேட்டுவிட்டாள். 'முதல் புத்தகத்துக்கு நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் அப்படி அழுதீர்கள். இப்போது அவர் உங்களைத் தாண்டிப் போனதும் வாயே திறக்கவில்லை. கேட்கச் சங்கடமாக இருக்கிறது. உங்களுக்குப் பொறாமையா?'

தனசேகர் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். "இதுக்கு என்ன எழுதப்போற?"

"அவங்களுக்குத் தோணினதையே எழுதறேன்."

"இல்லாததையா?"

"இருக்கறதைச் சொல்லக்கூடாதுன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"உன்னை அல்பம்னு நினைப்பாங்க பிரபா."

"நினைக்கட்டும். அவ புத்தகத்தைப் பத்தி யாரும் தப்பா நினைக்கமாட்டாங்கல்ல?"

 மேசையில் இருந்த பட்டையை எடுத்து அவரே அவள் மணிக்கட்டில் கட்டிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து மேசைப் பகுதியில் சேலத்து வாசகியின் கேள்வியை முழுவதும் போட்டாள். அதற்குக் கீழே ஒரே ஒரு சொல். 'ஆமாம்.' அதை எழுதும்போது பதிந்ததை அப்படியே இணைத்தாள். அடர்ந்த சாம்பல்.

மத்தியானத்துக்குள் நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்தன. சிலர் விலகினார்கள். பெரும்பாலோர் பட்டையில் விரல் வைத்துப் பார்த்திருந்தார்கள். எவ்வளவு வெட்கப்படுகிறீர்கள் என்று தெரிந்தது அம்மா, இத்தனை வெளிப்படையாக யார் ஒத்துக்கொள்வார்கள், உங்களைப்போல நேர்மையான எழுத்தாளர் இந்தக் காலத்தில் உண்டா என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பிரபாவதியால் ஒவ்வொன்றையும் இரண்டு வரிக்குமேல் படிக்க முடியவில்லை.

நாலு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் செய்தி.

'பட்டையக் கட்டிப் பாத்தேன்க்கா. அன்னைக்கு எங்க வீட்டுல பாத்த அதே சாம்பலுதான்.'

அதற்குமேல் ஒன்றும் இல்லை.